மாப்பிள்ளை அனுப்பிய ப்ராக்ஸி

கம்ப்யூட்டர் "இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்று காட்டினால் நான் நம்புவதில்லை. வீடியோவை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே படமாக்கச் சொல்லி ஒரு பொத்தானை அமுக்குவோம். அதற்கு ரெண்டர் என்று பெயர். அமுக்கியதும் ஒரு பச்சைக் கோடு கிளம்பும். பக்கத்தில் மீதி நேரம் ஓடும். குறைந்துகொண்டே வந்த நேரம் திடீரென்று கூடும், பிறகு குறையும், மறுபடி கூடும். பொய் சொல்கிற மனுஷன் இரண்டாவது தடவை கொஞ்சமாவது தடுமாறுவான். இதற்கு அந்தக் கூச்சமும் கிடையாது.

சந்தேகப்படுவதுதான் எனக்குச் சோறு போடுகிறது. சுரங்கத்தில் வேலை எடுத்துச் செய்யும் ஒரு கான்ட்ராக்டரிடம் டைம் கீப்பராக இருக்கிறேன். யார் வந்தான், யார் வரவில்லை, வந்தவன் எப்போது வெளியே போனான் என்று பார்க்கிற வேலை. கார்டு பஞ்ச் பண்ணும் மெஷின் இருந்த காலத்தில் ஒருத்தன் கார்டை இன்னொருத்தன் பஞ்ச் பண்ணிவிட்டுப் போவான். மெஷினைக் கேட்டால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று சொல்லும். ஆள் வடலூரில் சினிமாக் கொட்டகையில் இருப்பான். அதற்கு எங்களிடம் ப்ராக்ஸி என்று பெயர். ஷிப்டில் அது கெட்ட வார்த்தை. 'ப்ராக்ஸி போட்டவன்' என்று ஒருத்தனுக்குப் பெயர் விழுந்துவிட்டால், அவன் மகனுக்குப் பெண் கேட்கப் போகிற வீட்டில் அந்தப் பெயர் முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கும். இப்போது முகத்தைக் காட்டினால்தான் கேட் திறக்கிறது. என் சந்தேகத்தில் பாதியை மெஷின் வாங்கிக்கொண்டது, மீதியை நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன் என்பாள் என் மனைவி.

அவள் சுரங்கக் கம்பெனியின் பள்ளிக்கூடத்தில் பர்மனென்ட். குவார்ட்டர்ஸ் அவள் பெயரில்தான். எங்களுக்கு ஒரே மகள். திருச்சியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஒரு பேரன். மகள் போனில் எடுத்து அனுப்பும் வீடியோக்களை வெட்டி ஒட்டிப் படமாக்கி டிவியில் போட்டுப் பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு. பேரன் குப்புற விழுந்தது, தவழ்ந்தது, மாவு டப்பாவைக் கவிழ்த்தது எல்லாம் தனித்தனிப் படமாக இருக்கிறது. பிளாக்கில் இருப்பவர்கள் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்பார்கள். முகத்துக்கு நேராகச் சொல்வதை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.

மகள் புதுப் போன் வாங்கியதிலிருந்துதான் கஷ்டம் ஆரம்பித்தது. அது எடுக்கிற படம் பெரியது. என்னுடைய கம்ப்யூட்டரோ வடலூர்க் கடையில் சொல்லிச் சேர்த்து வாங்கிய பழைய சாமான். காலையில் டீ குடித்துவிட்டு ரெண்டர் போட்டால் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் உறுமிக்கொண்டே இருக்கும். எங்கேயோ திருட்டு நடக்கிறது என்று முடிவு செய்தேன்.

முதலில் கடைக்காரன்மேல் சந்தேகம். சர்வீஸுக்குக் கொடுத்தபோது நல்ல மெமரியை உருவிக்கொண்டு மட்டமானதைச் செருகியிருப்பான் என்று பெட்டியைத் திறந்தேன். மெமரி சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஃபேன் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புக் கம்பளி மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தது. நெய்வேலிக் காற்றில் என்ன பறக்கிறது என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டாம். துணி காயப்போட்டு எடுத்தால் தெரியும். சைக்கிள் பம்பால் ஊதி எடுத்தேன். சூடு ஏறினால் மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். ஊதிய பிறகு ரெண்டர் கொஞ்சம் சுறுசுறுப்பானது. அடுத்தது ஆன்டிவைரஸ். எழுதுகிற ஒவ்வொரு துணுக்கையும் அது நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தது. கேட்டில் டிபன் பாக்ஸைத் திறக்கச் சொல்லும் நானே ஞாபகத்துக்கு வந்தேன். அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் விட்டுவிடு என்று அதற்குச் சொல்லி வைத்தேன். கிராஃபிக்ஸ் கார்டிடம் வேலையைக் கொடுத்தால் பறக்கும் என்று படித்து அதையும் செய்தேன். பறந்தது உண்மைதான். ஆனால் பேரன் தலைமுடியெல்லாம் ஈஷினாற்போல வந்தது. அவசரமாகச் செய்கிற எதிலும் ஒரு கள்ளத்தனம் இருக்கும் என்று அதை நிறுத்திவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் நவம்பர் மாதம் பேரனுக்குப் பிறந்தநாள் வந்தது.

வழக்கமாக ஒரு மாதத்துக்கு முன்னாலேயே மகள் ஆரம்பித்துவிடுவாள். இந்தத் தடவை நான்தான் கேட்டேன். "சின்னதா பண்றோம்ப்பா. மழை வேற. நீங்க அலைய வேணாம். கிறிஸ்துமஸுக்கு நாங்களே வர்றோம்" என்றாள். குரல் ஒட்டவில்லை. அதற்கு முந்தைய சில நாள்களாகவே அவளுக்குப் போன் போட்டால் மாப்பிள்ளைதான் எடுத்தார். "தூங்கறா மாமா." "குழந்தையக் குளிப்பாட்டறா மாமா." "அப்பறம் பேசச் சொல்றேன் மாமா." முகம் பார்த்துப் பேசலாம் என்றால் நெட் சரியில்லை என்று பதில் வரும். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் வீட்டில் நெட் சரியில்லையாம். அவள் கார்டை இவர் பஞ்ச் பண்ணுகிறார் என்று எனக்குப் பட்டது.

அந்த நாள்களில் என் மனைவியும் வீட்டில் இல்லை. மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கும் அவள் அக்கா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டதாகத் தகவல் வந்து, லீவு போட்டுவிட்டு ஒத்தாசைக்குப் போயிருந்தாள். நான் கேன்டீன் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுத் தனியாக உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். தனியாக இருக்கிறவனுக்கு யோசனை நல்லபடியாகப் போகாது. அவள் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். பெட்டியைப் பிரித்துத் துணிகளை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஒங்களுக்கு வேற வேல இல்லீங்களா? நல்ல புள்ளைய ஏன் கொற சொல்லிகினு இருக்கீங்க?"

பிறந்தநாள் முடிந்ததும் வீடியோவை அனுப்பச் சொல்லி மாப்பிள்ளையிடம் கேட்டேன். அப்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"ஃபைல் பெருசு மாமா. உங்க சிஸ்டம் தாங்காது. நான் ப்ராக்ஸி போட்டு அனுப்பிடறேன்."

"என்ன போட்டு?"

"ப்ராக்ஸி மாமா. ஒரிஜினலுக்குப் பதிலா அதே மாதிரி சின்ன காப்பி. நீங்க அதுல வெட்டி ஒட்டிட்டு ப்ராஜெக்ட் ஃபைல மட்டும் அனுப்புங்க. நான் இங்க ஒரிஜினல் சேத்து ரெண்டர் போட்டுடுவேன். சீக்கிரம் முடிஞ்சிடும்."

"ஒரிஜினல் எங்க இருக்கும்?"

"அது இங்கயே இருக்கட்டும் மாமா."

போனை வைத்த பிறகும் காதில் அதுவே ஓடியது. என்னிடமே, எந்த மறைப்பும் இல்லாமல், ப்ராக்ஸி போடுகிறேன் என்கிறார். நான் பிடித்த ஆட்கள்கூட இவ்வளவு துணிச்சலாகச் சொன்னதில்லை. வீடியோ எடிட்டிங்கில் அது நல்ல வழக்கம்தான், பெரிய பெரிய ஆட்களே அப்படித்தான் வேலை செய்கிறார்கள் என்று பிறகு நானே தேடிப் படித்தேன். படித்தும் மனசு ஆறவில்லை. ஒரிஜினலைக் கண்ணில் காட்டாமல் பதிலியை அனுப்புகிறவன் எதையோ மறைக்கிறான். இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட பாடம் அது ஒன்றுதான்.

காப்பிகள் வந்தன. கம்ப்யூட்டர் முனகாமல் ஓட்டியது. கேக், பலூன், பேரனுக்குத் தொப்பி. மகள் முழுக்கை ஜாக்கெட் போட்டிருந்தாள். அவள் பேரனை மேஜைமேல் நிறுத்தத் தூக்குகிறாள். அப்போது ஜாக்கெட்டின் ஒரு கை மேலே சுருண்டு ஏறுகிறது. முழங்கைக்கு உள்பக்கம் கறுப்பாக ஒரு திட்டு.

நிறுத்திப் பார்த்தேன். பெரிதாக்கினேன். திட்டு கட்டம் கட்டமாகப் பெரிதானதே தவிர என்னவென்று தெரியவில்லை. முன்னாலும் பின்னாலும் ஓட்டிப் பார்த்தேன். ஒரு கணம் தெரிகிறது, பிறகு துணி இறங்கிவிடுகிறது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாசற்படியில் நின்றபடியே பார்த்துவிட்டு, "நெழலுங்க அது" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நிழல் என்றால் பக்கத்தில் நிற்கிறவர்கள் கையிலும் விழ வேண்டும். நான் பயந்தது என்னவென்று சொல்லிவிடுகிறேன். அவர் என் பெண்ணை அடிக்கிறார் என்று பயந்தேன். கையைப் பிடித்து முறுக்கினால் அந்த இடத்தில்தான் கன்றும். அதனால்தான் போனைக் கொடுக்கவில்லை, முகம் காட்ட விடவில்லை, வராதீர்கள் என்று அவள் வாயாலேயே சொல்ல வைத்தார். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. கேட்டில் யாரையாவது பிடித்தால் உள்ளுக்குள் ஒரு திருப்தி வரும். இதில் அது வரவில்லை.

நேராகக் கேட்டால் இருவரும் இல்லை என்பார்கள் என்று தெரியும். அதனால் தூண்டில் போட்டேன். அந்தக் கணத்தை வேண்டுமென்றே மெதுவாக ஓட வைத்து, படத்தின் நடுவில் நன்றாகத் தெரிகிற மாதிரி வெட்டினேன். பின்னால் ஒரு பாட்டும் சேர்த்தேன். ப்ராஜெக்ட் ஃபைலை அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். ஒரிஜினலோடு சேர்ந்து வந்தால் திட்டு என்னவென்று தெரிந்துவிடும்.

மறுநாளே படம் வந்துவிட்டது. அவ்வளவு வேகம். பளிச்சென்று இருந்தது. பேரன் காதோர முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. நடுவில் அந்த இடம் வந்தபோது சுவரில் ஒட்டிய பலூன்கள் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தன. என் பாட்டு அப்படியே இருந்தது. மகளைக் காணோம்.

நான் வெட்டியதை யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

அன்றைக்கே திருச்சி பஸ் ஏறுகிறேன் என்று சட்டையை மாட்டினேன். மனைவி கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"கிறிஸ்துமஸுக்கு வரத்தான போறாங்க? அங்கப் போயி சத்தம் போட்டா அவ வூட்டுல அவளுக்குத்தான் அசிங்கம். கொஞ்சம் பொறுங்க."

அவள் கண் கலங்கியிருந்தது. என் கவலை இவளுக்கும் ஒருவழியாகத் தொற்றிக்கொண்டது என்று நினைத்து அமைதியானேன்.

வந்தார்கள். மகள் இளைத்திருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. முடி பாதியாகிவிட்டது. வேலை ஜாஸ்தி என்றாள். நான் மாப்பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பேரனுக்கு அவர்தான் ஊட்டினார், அவர்தான் கழுவிவிட்டார். மகள் எழுந்தால், "நீ உக்காரு, நான் எடுக்கறேன்" என்றார். எங்கள் முன்னால் நன்றாகத்தான் நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கிறிஸ்துமஸ் பூசைக்குப் போகும்போது அவள் படியிறங்கத் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடி அழுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

பிரியாணி சாப்பிட்டு முடித்து எல்லாரும் ஹாலில் இருந்தோம். என் ப்ராஜெக்ட் ஃபைல் இருந்த பென் டிரைவை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"மாப்ள, உங்க லேப்டாப்புல ரெண்டர் எவ்ளோ வேகமா ஓடுதுன்னு ஒரு தடவ கண்ணால பாக்கணும்."

"அனுப்பினேனே மாமா?"

"அனுப்பினது நீங்க வெட்டினது. இது நான் வெட்டினது."

அவர் கை அப்படியே நின்றது. மகளைப் பார்த்தார். மகள் அவள் அம்மாவைப் பார்த்தாள். கடைசியில் மகள்தான் சொன்னாள்.

"போடுங்க. எத்தன நாளைக்கு இப்படியே வெச்சிருக்கறது?"

அவர் கூடக் கொண்டுவந்திருந்த லேப்டாப்பில் என் ப்ராஜெக்ட்டைத் திறந்தார். சின்னக் காப்பிகளை எடுத்துவிட்டு ஒரிஜினல்களைச் சேர்த்தார். பொத்தானை அமுக்கினார். என் வீட்டில் மத்தியானம் வரைக்கும் நொண்டுகிற பச்சைக் கோடு, நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் முக்கால்வாசி போய்விட்டது. முடிந்ததும் படத்தை ஓடவிட்டு எழுந்து நின்றுகொண்டார்.

மகள் பேரனைத் தூக்கினாள். ஜாக்கெட் கை மெதுவாகச் சுருண்டது. நிறுத்தினேன். திட்டு கறுப்பு இல்லை. நீலமும் மஞ்சளுமாகப் பழுத்து ஆறிக்கொண்டிருந்தது. நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு சிவப்பு. சுற்றிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பிய்த்த தடம். விரல் பதிந்த அடையாளம் எதுவும் இல்லை. ட்ரிப் ஏற்றிய இடம் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

கண்ணை எடுக்க முடியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவள் தலைக்குப் பின்னால் அடுப்படி அலமாரி கண்ணில் பட்டது. என் காப்பியில் அந்த இடம் வெறும் வெள்ளைப் பூச்சு. இதில் எவர்சில்வர் தூக்கு ஒன்று இருந்தது. மூடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. என் இனிஷியல், என் பெயர். பாத்திரக் கடைக்காரன் இனிஷியலைத் தப்பாக வெட்டி, அதன் மேலேயே திருத்தியதால் அந்த எழுத்து மட்டும் தடித்துக் கிடக்கும். அப்படி ஒரு தூக்கு உலகத்தில் இரண்டு இருக்காது. என் மனைவி மேல்பட்டாம்பாக்கம் போனபோது அதில்தான் கஞ்சிமாவு எடுத்துக்கொண்டு போனாள்.

திரும்பி அவளைப் பார்த்தேன். இந்த வீட்டில் நான் சந்தேகப்படாமல் விட்டது அவளை ஒருத்தியைத்தான்.

"அக்கா வூட்டுக்குப் போவலீங்க" என்றாள். "திருச்சிக்குத்தான் போனேன். டெங்கு. கண்ணத் தொறக்காம படுத்துகினு கெடந்தா."

"உங்ககிட்ட சொல்ல வேணாம்னு அம்மாகிட்ட சொன்னது நான்தான்" என்றாள் மகள். "சின்ன காப்பி அனுப்பச் சொன்னதும் நான்தான். அந்த ஷாட்டத் தூக்கிட்டு பலூன் வெச்சதும் நான்தான். அவருக்கு இதுல இஷ்டமே இல்ல."

மாப்பிள்ளை பேரனை மடியில் வைத்துக்கொண்டு அவன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மெதுவாக ஓடவிட்ட அந்த ஷாட்டிலேயே, அவரைப் பற்றி நான் என்ன நினைத்தேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் காலையிலிருந்து என்னை மாமா மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

என் வாய் திறந்துகொண்டது. "எந்த ஆஸ்பத்திரி? அட்மிட் பண்ணது என்னிக்கு? ஜுரம் வந்து எத்தன நாள் கழிச்சு கூட்டிக்கிட்டுப் போனீங்க? கொசு எங்கருந்து வந்துது, வீட்டுல தண்ணி தேங்குதா? யாரும் கவனிக்கலயா?"

மகள் என்னையே பார்த்தாள்.

"இதுக்குத்தாம்ப்பா" என்றாள். "எனக்கு முடியாம போச்சுன்னு தெரிஞ்சா நீங்க ஓடி வந்திருப்பீங்க. எனக்குத் தெரியும். வந்து இவரை ஆஸ்பத்திரி வெராண்டாவுல நிக்க வெச்சு கேள்வி கேட்டிருப்பீங்க. நான் உள்ள படுத்துக்கிட்டு அதைக் கேட்டுட்டு இருக்கணும். அதுக்கு எனக்கு அப்ப தெம்பு இல்லப்பா."

லேப்டாப்பில் அவள் கையைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அடுத்த கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. எந்த டாக்டர் என்பதுதான் அது. அதை விழுங்கிவிட்டேன்.

"ரொம்பக் கஷ்டப்பட்டியாம்மா?" என்றேன்.

"ஆமாம்ப்பா" என்றாள்.

பிறகு அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். எலும்பெல்லாம் எப்படி வலித்தது, நரம்பு கிடைக்காமல் கையை எத்தனை இடத்தில் குத்தினார்கள், பிள்ளையைப் பக்கத்தில் விடாததற்கு எப்படி அழுதாள், இவர் வேலைக்குப் போகாமல் எப்படிக் கூடவே உட்கார்ந்திருந்தார், அம்மா வந்து நெற்றியில் கை வைத்ததும் எப்படித் தூக்கம் வந்தது. ஆஸ்பத்திரி, டாக்டர், தேதி எல்லாம் அதற்குள்ளேயே வந்தது. நான் குறுக்கே எதுவும் கேட்கவில்லை.